பதினேழாம் எண்ணில் ஏறாதவர்கள்

மார்ச் 3, செவ்வாய்

உறுதியான செய்தி: பதினேழாம் எண் பேருந்து ஏப்ரல் முதல் தேதியிலிருந்து மலை விடுதிவரை போகாது. பழைய மில் வாசலிலேயே திரும்பிவிடும். சொன்னவர், போக்குவரத்து அலுவலகத்தில் தடங்களைக் கவனிக்கும் அதிகாரி. இருமுறை கேட்டேன். இருமுறையும் அதையே சொன்னார்.

"மில்லத் தாண்டினா ஆளே இல்ல சார். காத்து வாங்கிட்டுப் போயிட்டு வருது வண்டி. நான் சொல்லல, டிக்கெட் மெஷின் சொல்லுது."

நான்கு வரியில் எழுதி பத்திரிகைக்கு அனுப்பிவிட்டேன். மலை விடுதியில் என் அக்கா இருக்கிறாள் என்பது செய்தி அல்ல. எழுதவில்லை.

மார்ச் 4, புதன்

இந்தத் தடம் தொடங்கியபோதும் நான்தான் எழுதினேன். அப்போதும் நான்கு வரிதான். மில் ஆட்களுக்காக விட்ட பேருந்து. ஷிப்ட் மாறும் நேரத்தில் படியில் கால் வைக்க இடம் இருக்காது. பிறகு மேலே காசநோய் மருத்துவமனை வந்தது. தடத்தை அதுவரை நீட்டினார்கள். மில் மூடியது. மருத்துவமனை முதியோர் விடுதியானது. பேருந்து மட்டும் பழக்கத்தை விடாமல் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது.

மில் வாசலிலிருந்து விடுதி செங்குத்தான ஏற்றம். என் முழங்கால் அதற்கு ஒத்துக்கொள்ளாது. ஆட்டோக்காரர்கள் பாதியிலேயே கையை விரித்துவிடுவார்கள்.

அக்காவைப் பார்க்கப் போகாவிட்டால் வாரம் முழுக்க நான் யாரிடம் பேசுவேன்? தெரியவில்லை. கணக்குப் போட விருப்பமில்லை.

மார்ச் 5, வியாழன்

இன்று பேருந்தில் நின்றுகொண்டே போனேன். மில்லுக்கு அப்புறமும் நின்றேன்! இருக்கை எல்லாம் கிழங்கள் — என்னைப் போல. ஒருவர் மடியில் மருந்துப் பை, ஒருத்தி மடியில் கட்டிலில் கிடக்கும் புருஷனுக்கு டிபன் கேரியர். இதுவா காலி வண்டி?

அக்காவிடம் பேருந்து நிற்கப்போவதைச் சொன்னேன். கண் பார்வை போனதிலிருந்து அவள் காது இரண்டு மடங்கு வேலை செய்கிறது, வாயும் அப்படித்தான்.

"எனக்கு ஏன்டா கவலை? இங்க அரட்டைக்கு நாலு பேர் இருக்காங்க. நீதான் பாவம். வீட்டுல சுவரு கூடத்தான் பேசணும்."

சிரித்தாள். நானும் சிரித்தேன். கீழே இறங்கும்வரை அந்தப் பேச்சு நெஞ்சில் முள்ளாக நின்றது.

மார்ச் 6, வெள்ளி

யாரும் அழைக்கவில்லை. ஒரு டம்ளர் அரிசி வடித்தாலே எனக்கு மிஞ்சுகிறது.

மார்ச் 8, ஞாயிறு

பிடிபட்டுவிட்டது.

முதியவர்களுக்கு இலவச பாஸ். ஆனால் ஏறும்போது பாஸைக் காட்ட வேண்டும். கண்டக்டர் மெஷினைத் தட்டி ஜீரோ டிக்கெட் ஒன்று கிழித்துக் கொடுக்க வேண்டும். காசு இல்லாத டிக்கெட். அதை வைத்துத்தான் அலுவலகம் தலையை எண்ணுகிறது.

எங்கள் கண்டக்டர் அம்மா கிழிப்பதே இல்லை. இன்று கவனித்தேன். டிபன் கேரியர் பெண்மணி பையைத் திறக்கப் போனார். "உக்காருங்கம்மா, வண்டி வளையுது, விழுந்துடப் போறீங்க" என்று கண்டக்டர் அம்மா தோளைப் பிடித்து உட்கார வைத்தார். அவ்வளவுதான். மெஷின் இடுப்பில் தொங்கியது. காசு கொடுத்து ஏறியவர்கள் எல்லாரும் மில் வாசலில் இறங்கிவிட்டார்கள். அதற்கு மேல் போன நாங்கள் யாரும், மெஷினைப் பொறுத்தவரை, ஏறவே இல்லை.

நானும்தான். என் பாஸ் கடைசியாக எப்போது சட்டைப்பையை விட்டு வெளியே வந்தது? நினைவில்லை. அதை மரியாதை என்று நினைத்திருந்தேன்.

மார்ச் 9, திங்கள்

எழுதினால் தடம் பிழைக்கலாம். ஆனால் டிக்கெட் கொடுக்காமல் ஆள் ஏற்றுவது குற்றம். அந்த அம்மா வேலைக்கு வேட்டு. பெயர் போடாமல் எழுதலாமே? — மேலே போகும் வண்டி ஒன்றுதான், கண்டக்டர் ஒருவர்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதை.

எழுதாவிட்டால் அத்தனை பேரும் மில் வாசலில் இறங்கி மலையை அண்ணாந்து பார்க்க வேண்டியதுதான்.

மார்ச் 10, செவ்வாய்

இரண்டு முறை தொடங்கினேன். இரண்டும் குப்பைக்கூடையில்.

மார்ச் 12, வியாழன்

அக்காவிடம் கொட்டிவிட்டேன். அவள் யோசிக்கவே இல்லை. "அவகிட்டயே போய்க் கேளுடா. உனக்கு ஆளுங்ககிட்ட கேள்வி கேக்கத் தெரியும், யோசனை கேக்கத்தான் தெரியாது."

திரும்பும் வண்டியில் கூட்டம் இல்லை. கண்டக்டர் அம்மாவின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து சொன்னேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. பிறகு முகம் சுண்டிப் போனது.

"அந்த ஜீரோ டிக்கெட்டையா சார் சொல்றீங்க... கண்ணாடியத் தேடி, பையத் தேடி, பாஸத் தேடி... பாவம் கை நடுங்கும் சார் அவங்களுக்கு. மொகமே பாஸுதானேன்னு விட்டேன்."

"தெரியும்மா."

"அப்போ நான்தான் இந்த ரூட்டக் கொன்னேனா?"

டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

மார்ச் 15, ஞாயிறு

இன்று அவர் எல்லாருக்கும் ஜீரோ டிக்கெட் கிழித்தார். பேருந்தே ரணகளம்.

"என்னம்மா புதுசா? நாங்க என்ன திருட்டு ரயிலா ஏறிட்டோம்?" — மருந்துப் பைக்காரர்.

"சட்டம் தாத்தா. எடுங்க."

"நேத்து வரைக்கும் இல்லாத சட்டம்!"

"நேத்து நான் நல்லவளா இருந்தேன், இன்னைக்குக் கெட்டுப் போயிட்டேன். எடுங்க தாத்தா, பொண்ணு கேக்குறேன்ல."

ஒருவர் பாஸைத் தேடி மூக்குப்பொடி டப்பாவை எடுத்து நீட்டினார். வண்டி சிரித்தது, அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் தாமதம். பின்னால் வந்த லாரிகள் ஹாரனாலேயே வைதன. மலை ஏறிச் சேர்ந்தபோது என் பக்கம் குனிந்து சொன்னார்: "ஒரு வாரம் கிழிச்சா ஒரு வாரக் கணக்குதான் சார் வரும். பழசு எல்லாம் காலிதானே? பழச யாராவது வாயத் தொறந்து சொல்லணும்."

என்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன்.

மார்ச் 17, செவ்வாய்

என்னை அல்ல. அவரே நேற்று டிப்போ மேலாளரிடம் போய்ச் சொல்லிவிட்டார். நான் கேள்விப்பட்டது டைம் கீப்பரிடமிருந்து. "பைத்தியக்காரி சார். யாரும் கேக்காமலே கழுத்த நீட்டுது."

உடனே சஸ்பெண்ட்.

அடக் கடவுளே. எழுதலாமா வேண்டாமா என்று நான் வீட்டில் உட்கார்ந்து தாளைக் கசக்கிக்கொண்டிருந்தேன், அவ நேரா போயிட்டா. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லணும்? நான் யாரு அவளுக்கு?

மார்ச் 19, வியாழன்

புது கண்டக்டர். இளைஞர், கெட்டிக்காரர். பாஸைப் பார்க்கிறார், முகத்தைப் பார்ப்பதில்லை. டிக்கெட் எல்லாருக்கும் உண்டு. மில்லுக்கு அப்புறம் யாரும் பேசவில்லை.

மார்ச் 21, சனி

கண்டக்டர் அம்மா தொலைபேசியில். எண் எப்படிக் கிடைத்தது? உங்க அக்கா குடுத்தாங்க என்றார்.

"விசாரணைக்குப் பயணிங்களக் கூட்டிட்டு வரலாமாம் சார். காசு வாங்கிட்டு ஆள ஏத்தினேன்னு டிப்போவுல எழுதியிருக்காங்க. அது இல்லைன்னு யாராவது சொல்லணும். பேப்பர்ல போடுங்கன்னு கேக்கல. வந்து சொன்னாப் போதும்."

உடனே சரி என்று சொல்லவில்லை. இதை எழுதி வைக்க வேண்டும். நான் யோசித்தேன். செய்திக்குள் நிற்கிறவன் செய்தி எழுதக் கூடாது. சாட்சி சொன்னால் இந்த விவகாரத்தில் என் பேனா மூடியாயிற்று. பல வருடங்களுக்குப் பிறகு கையில் வந்த நல்ல செய்தி.

"லைன்ல இருக்கீங்களா சார்?"

"வர்றேன்மா" என்றேன்.

மார்ச் 23, திங்கள்

என் குறிப்புகளை எங்கள் பத்திரிகை அலுவலகத்தில் இருக்கும் சின்ன நிருபரிடம் கொடுத்துவிட்டேன். படித்துவிட்டு நிமிர்ந்தாள். "அப்போ நீங்களும் ஒரு பயணி. சார், உங்க வயசு? எத்தனை வருஷமா இந்த பஸ்ல போறீங்க? தனியாவா இருக்கீங்க?"

கடைசிக் கேள்வி தேவையா என்று கேட்டேன்.

"நீங்கதான சார் சொல்லிக் குடுத்தீங்க, தேவையான்னு அப்புறம் பாக்கலாம், முதல்ல கேளுன்னு."

ஆமாம் என்றேன். தனியாகத்தான் என்றேன். அவள் எழுதிக்கொண்டாள்.

மார்ச் 24, செவ்வாய்

செய்தி வந்துவிட்டது. ஆறாம் பக்கம், நன்றாக எழுதியிருக்கிறாள். கடைசிக் கேள்வியின் பதிலை விட்டுவிட்டாள்.

மார்ச் 25, புதன்

தடங்கள் அதிகாரி கடிதமே அனுப்பிவிட்டார்: மலை விடுதிவரை பதினேழு ஏப்ரல் முழுக்க ஓடும், தலைகளைப் புதிதாக எண்ணிய பிறகே முடிவு. டிப்போவில் விசாரணை வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு.

மாலையில் அக்கா விடுதித் தொலைபேசியிலிருந்து கூப்பிட்டாள். அவளும் சாட்சி சொல்ல வருகிறாளாம். மலையை விட்டு இறங்கி எத்தனையோ காலம் ஆயிற்று. "கண்ணு தெரியாதவ என்னத்த சாட்சி சொல்வே?" என்றேன்.

"தினமும் பஸ் நிக்குற வாசல்லதான்டா உக்காந்திருக்கேன், ஏறுறவங்ககிட்ட காசு சத்தம் கேக்கலைன்னு சொல்வேன். அது போதாதா?"

விடுதியிலிருந்து ஏழெட்டுப் பேர் அவளோடு காலை வண்டியில் இறங்குகிறார்கள்; டிபன் கேரியர் அம்மாவும் மருந்துப் பைக்காரரும் கீழே சேர்ந்துகொள்கிறார்கள். வழியில் என் நிறுத்தத்தில் நான் ஏறிக்கொள்ள வேண்டும். தன் பக்கத்தில் எனக்கு இடம் போட்டு வைப்பாளாம். "லேட் பண்ணினா வேற யாரையாவது உக்கார வச்சுடுவேன், இங்க போட்டி ஜாஸ்தி" என்று வைத்துவிட்டாள்.

அந்த அம்மாவுக்கு வேலை திரும்பக் கிடைக்குமா என்பது தெரியவில்லை. உத்தரவு ஏப்ரல் ஆறு, திங்கட்கிழமை வரும் என்கிறார்கள்.