ஒஹாயோ போகாத லாரி

என் கோபக்காரிக்கு,

உன் அக்கா சமையலில் குண்டாகியிருப்பாய். இங்கே நானும் நாயும் சுகம்.

எரிவாயுக் கிணற்றுக் கழிவுநீரைக் கொட்ட இனி நான் ஒஹாயோ மாநிலம்வரை லாரி ஓட்ட வேண்டியதில்லை. நம் பள்ளத்தாக்கிலேயே ஆலை திறந்துவிட்டார்கள். அந்த உப்புத் தண்ணீரிலிருந்து பேட்டரிக்கு லித்தியம் எடுக்கிறார்கள். மிச்சத்தைக் கிணற்றுக்காரர்களே திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள்.

ஆலையில் தண்ணீரைச் சோதிக்கும் டார்லா, "இத்தன வருஷமா புதையலக் கொண்டுபோய்க் கொட்டியிருக்கீங்களே அண்ணே" என்றாள்.

"வீட்டுல இருக்கிற புதையல விட்டுட்டு நான் ஒஹாயோவுக்கு ஓடுறேன்னு சொல்லிட்டுத்தாம்மா என் பொண்டாட்டி பெட்டியக் கட்டுனா" என்றேன்.

சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

இப்போது ஐந்து மணிக்கெல்லாம் வீட்டில் இருக்கிறேன். முதல் நாள் திருடன் என்று நினைத்து நாய் குரைத்தது. பகல் வெளிச்சத்தில் அது என் முகத்தைப் பார்த்ததில்லை, பாவம். இப்போது குரைப்பதில்லை. என்னை மோந்துவிட்டு, எனக்குப் பின்னால் சாலையையே பார்த்துக்கொண்டு நிற்கிறது.

"ரோட்ட ஏன்டா பாக்குற? எப்ப வருவான்னு அவளுக்கே எழுதிக் கேளு" என்றேன்.

அதற்கு எழுத வராது. எனக்கும் அவ்வளவாக வராது என்பது உனக்குத் தெரியும். இருந்தாலும் இரண்டு பேருக்கும் சேர்த்து நானே எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
சாயங்காலச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பவன்