பால் கிண்ணக் காட்சி

1981 ஜூன் 9
மழை இல்லை. சாயங்காலம் முதியோர் பள்ளியில் ஒரு பக்கம் முழுசாகப் படித்தேன். அறுபத்தாறு வயசில் இப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று யார் கண்டார்கள். வீட்டுக்கு வந்து தீப்பெட்டி, உரச் சாக்கு எல்லாம் படித்தேன். "சோறு ஆறிப்போவுது. சாக்கு எங்கயும் ஓடிடாது, வாங்க" என்றாள் என் சம்சாரம் ஆதிலட்சுமி.

ஜூன் 13
ஆடித் திருவிழா நாடகத்துக்கு ஒத்திகை தொடங்கியது. ஜினராஜ் வாத்தியார் எழுதிய அண்ணன் தம்பி நாடகம்தான். இருபத்திரண்டு வருஷமாக நான்தான் அண்ணன் ராஜா, ராமன்தான் தம்பி. ஆர்மோனியம் வாசிக்கும் காசி வசனத்தைச் சொல்வான், நாங்கள் திருப்பிச் சொல்லி மனப்பாடம் செய்வோம். இந்த வருஷம் நானே படிக்கிறேன், நோட்டைக் கொடு என்றேன்.
"நோட்டு வாத்தியார் வூட்டுல இருக்குது. எனக்கு எல்லாம் தலையில இருக்குது" என்றான்.

ஜூன் 16
வாத்தியார் இறந்து ஆறு வருஷம். டவுனுக்குப் போய் அவர் சம்சாரம் தர்மவதியம்மாவைக் கேட்டேன். உடனே எடுத்துக் கொடுத்தார்கள். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

ஜூன் 24
பால் கிண்ணக் காட்சிக்கு வந்துவிட்டேன். தம்பிமேல் சந்தேகப்பட்டு அண்ணன் விஷம் கலந்த பாலைக் கொடுக்கும் இடம். அதில் நான் "துரோகி, சண்டாளா" என்று கத்தி, மேடைப் பலகை அதிர மிதிப்பேன். விசில் பறக்கும்.
நோட்டில் அது எதுவும் இல்லை. ஒரு வசவுகூட இல்லை. வேறு பக்கமோ என்று மூன்று தரம் புரட்டினேன். எழுதியிருப்பது இதுதான்:
"வாருங்கள் தம்பியாரே. தங்கள் அறிவுக்கு இந்த நாடு ஈடாகுமா? களைத்திருப்பீர்கள். பால் அருந்துங்கள்."
வசவெல்லாம் முதல் காட்சியில் இருக்கிறது, தம்பிமேல் உயிராக இருக்கும்போது. "எருமை, எங்கேடா சுற்றிவிட்டு வருகிறாய்? காலில் முள்ளா? காட்டு, கழுதை." அந்த இடத்தில் காசி எங்களுக்கு ஒரு பாட்டுத்தான் சொல்லிக்கொடுத்தான்.
ஆசை இருந்தால் திட்டுகிறான். வெறுத்த பிறகு புகழ்கிறான்.

ஜூன் 25
காசியிடம் போனேன்.
"வாத்தியார் படிச்சவங்களுக்கு எழுதுனாரு, நான் ஜனத்துக்கு மாத்துனேன். விசிலே அந்த எடத்துலதான் வருது. மெதுவா பேசுனா பாதி ஜனம் டீ குடிக்கப் பூடும்."
"நாலு எழுத்து படிச்சதும் அண்ணன் நமக்குப் பாடம் எடுக்க வந்துட்டாரு" என்று ராமன் சிரித்தான்.
என்னத்தச் சொல்றது. இருபத்திரண்டு வருஷம் தப்பாக் கத்தியிருக்கேன். அதச் சொன்னா சிரிக்கிறானுங்க.

ஜூலை 5
வாத்தியார் ஏன் நாடகம் பார்க்க வந்ததே இல்லை என்று தர்மவதியம்மாவைக் கேட்டேன். ஜைனர்கள் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவார்கள், சீக்கிரம் படுத்துவிடுவார் என்றுதான் ஊரில் நாங்கள் நினைத்திருந்தோம்.
"மொத வருஷம் வந்தாருங்க. பால் கிண்ணத்துல எழுந்து வந்துட்டாரு. 'நல்லாத்தான் நடிக்கிறாங்க, ஆனா அது நான் எழுதுனது இல்ல'ன்னாரு. உங்களுக்கு மனசு கஷ்டமா இருக்கும்னு சொல்ல வேணாம்னுட்டாரு."
அவர் எழுந்து போகும்போது கத்திக்கொண்டிருந்தது நான்தானே.
ஒரு தடவையாவது அவர் எழுதினபடி பேசிவிட வேண்டும்.

ஜூலை 19
"பழையபடி பேசறதுன்னா பேசு. இல்லன்னா வேஷத்த அருணகிரிக்குக் குடுத்துடறேன்" என்றான் காசி. பழையபடியே பேசுகிறேன் என்றேன். பொய்.

ஜூலை 22
மாட்டுக்கு முன்னால் நின்று பேசிப் பார்த்தேன். கத்தாமல் பேசுவதற்குத்தான் மூச்சு ஜாஸ்தி வேண்டியிருக்கிறது.

ஆகஸ்டு 8
நேற்று நாடகம். முதல் காட்சியில் பாட்டை விட்டுவிட்டு "எருமை" என்று ஆரம்பித்தேன். ஜனம் சிரித்தது. ராமனும் சிரித்துவிட்டான். காசி ஆர்மோனியத்தை நிறுத்திவிட்டு முறைத்தான்.
பால் கிண்ணம் வந்தது. வாருங்கள் தம்பியாரே என்றேன், மெதுவாக. ஒரு விசில் இல்லை. ராமனுக்குத் தெரிந்த வசனமெல்லாம் என் வசவுக்குப் பதில். இதற்கு என்ன சொல்வான்? கிண்ணத்தை வாங்கினான். என்னையே பார்த்தான். அப்புறம் சொன்னான்:
"அண்ணா, ஒரு தடவ எருமைன்னு சொல்லிடு. குடிச்சிடறேன்."
எனக்குச் சொல்லிவிடலாம்போல இருந்தது. ராஜா சொல்லமாட்டான். சும்மா நின்றேன். குடித்தான்.
வேஷம் கலைக்கும்போது காசி வந்தான். "ஒரு விசில் உண்டா? அடுத்த வருஷம் அருணகிரிதான் ராஜா." ராமன் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான், சாயம் போன பிறகும்.

ஆகஸ்டு 10
நோட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். ராமன் சொன்ன வசனம் அதில் இல்லை. தர்மவதியம்மாவிடம் சொன்னேன். அம்மா உள்ளே போய் வாத்தியார் பேனாவைக் கொண்டுவந்து என் பக்கம் வைத்தார்கள்.
"நீங்களே எழுதுங்க."
அந்த ஒரு வசனத்தை எழுத அரை மணி நேரம் ஆயிற்று. வாத்தியார் எழுத்து பொடி எழுத்து. என்னுடையது பெரிசு பெரிசாகப் பக்கத்தின் அடி முழுக்க அடைத்துக்கொண்டது. அதன் ஓரத்தில் ராமன் பேரையும் போட்டேன்.
மை காயும்வரை அம்மா நோட்டை மூடவில்லை.