நான்காவது சத்தம்

4 மார்ச் 2025, செவ்வாய்
பின்லாந்தின் தம்பெரேயில் மறுபடியும் பனி. கணினி இசைப் போட்டிக்கு வந்த பத்தொன்பது பாட்டுகளில் பதினொன்றைச் சோதித்துவிட்டேன். மதிப்பெண் போடுவது அரங்குக்கு வருகிறவர்கள்; விதிப்படி இருக்கிறதா என்று முன்கூட்டிப் பார்ப்பது நடுவரான நான். சகிக்கவில்லை. நாற்பது வருடப் பழைய கணினி, அதன் ஒலிச் சிப்பில் மூன்றே குரல். அந்த மூன்றை வைத்துக்கொண்டு என்னவெல்லாம் செய்யலாம்! இவர்கள் கைபேசி மணியை அனுப்புகிறார்கள். பரிசோதனை இசையாம். பூனை வாலை மிதித்தால் இதைவிட நல்ல பரிசோதனை.

6 மார்ச்
பதினான்காவது பாட்டு. கூடவே வந்த ஒலிப்பதிவில் நான்காவதாக ஒரு முரசு கேட்கிறது. அதே பாட்டை என் கணினியில் ஓட்டினேன். முரசு இல்லை. மூன்று முறை ஓட்டியும் இல்லை. ஆக, பதிவில் வெளியிலிருந்து ஒட்டியிருக்கிறார்கள். அடச்சீ! முடிவு சொல்லும்வரை பெயரை மறைத்து வைப்பது எங்கள் வழக்கம். அந்த மறைவில் நின்றுகொண்டு திருட்டுத்தனம். நாறுகிறது.
அறிக்கையில் எழுதினேன்: "தகுதி நீக்கம். பொய்ப் பதிவு."

8 மார்ச், சனி
போட்டி நடத்தும் இல்போ மேடையில் முடிவைப் படித்தான். கடைசி வரி — பதினான்காவது பாட்டு, பொய்ப் பதிவு, சிர்க்கா.
சிர்க்காவா? பள்ளிச் சமையற்காரி, இருபது வருடச் சிநேகிதி. அரங்கு முழுக்க ஊளையிட்டது. வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.
"ஏன்டி கைசு, நானா பொய்?"
"என் மெஷின்ல முரசே இல்லையே."
"உன்னோடது பழைய சிப்புதானே?"
"பழசுதான்."
"தொறந்து பாத்தியா? வீட்டுக்குப் போய்ப் பாரு, கண்ணு இருந்தா."

9 மார்ச்
திறந்தேன். உள்ளே, இதே கணினியின் பிந்தைய மாடல்களில் வந்த புது வகைச் சிப்.
ஜனவரியில் பழையது சூடேறிச் செத்தது. இல்போவின் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துச் செருகினேன், அதன் மேலிருந்த எண்ணைக்கூடப் பார்க்கவில்லை. ஒலியளவைப் படபடவென்று ஏற்றி இறக்கினால் பழைய சிப் டொப்டொப்பென்று அடிக்கும். அவள் முரசு அதுதான். புது வகையில் அது கேட்கவே கேட்காது. எங்கள் கூட்டத்தில் நேற்று வந்தவனுக்கும் இது தெரியும். எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிஞ்சும் பாக்கலையே! ஊரெல்லாம் நாறுது நாறுதுன்னேன். நாற்றம் என் சட்டையிலிருந்துதான்.

10 மார்ச்
அந்த வரியை மாற்றச் சொல்லி இல்போவிடம் கெஞ்சினேன்.
"முடிவுக் கோப்பு வெளிய போயாச்சு. போனா ஒரு எழுத்தும் தொடக் கூடாது. நீ போட்ட சட்டம்தானே கைசு?"
ஆமாம், நான் போட்டதுதான். ஊர் ஊராக நகலெடுத்து வைத்திருப்பார்கள். நாங்கள் இரண்டு பேரும் செத்த பிறகும் சிர்க்கா பொய்க்காரியாகவே இருப்பாள்.

11 மார்ச்
சிர்க்கா போனை எடுக்கவில்லை.

3 ஏப்ரல், வியாழன்
அவள் பள்ளிக்கே போனேன். வியாழக்கிழமைப் பட்டாணி சூப், அண்டா நிறைய. மன்னிப்புக் கேட்டேன்.
"உன் மன்னிப்ப எங்க ஒட்டி வெச்சுக்கறது? கோப்புல ஏறுமா?" கரண்டியை நிறுத்தவேயில்லை.
பேருந்தில் என் கைகளைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

19 அக்டோபர்
நடுவர் வேலை இனி வேண்டாம் என்று இல்போவுக்கு எழுதினேன். ஆறு வருடத்துக்குப் பிறகு ஒரு பாட்டு செய்கிறேன். படு சுமாராக வருகிறது. இது ஜெயிக்க வேண்டிய பாட்டு இல்லை.

14 மார்ச் 2026, சனி
புது முடிவுக் கோப்பு வெளியானது. இருபத்திரண்டாவது இடம், கடைசி, நான். பெயருக்குப் பக்கத்தில் பாட்டின் தலைப்பு: "போன வருடம் சிர்க்கா பொய் சொல்லவில்லை, நடுவர்தான் செவிடு." இதிலும் இனி ஒரு எழுத்தை யாரும் தொட முடியாது.
காப்பி வரிசையில் எனக்குப் பின்னால் யாரோ கனைத்தார்கள். சிர்க்கா.
"தலைப்பு தேவல. பாட்டு சகிக்கல. நான் ஒரே ஒரு மார்க்குதான் போட்டேன்."
சரியான மதிப்பெண்தான்.