அறுபது சென்டிமீட்டர்

பிப்ரவரி 3, சனி

மாலையில் குடியிருப்போர் கூட்டம். எங்கள் லேஅவுட்டுக்குப் பின்னால் புதர் மண்டிக் கிடந்த பழைய மீட்டர்கேஜ் ரயில்பாதை நடைபாதையாகிறது. தண்டவாளம் எப்போதோ போய்விட்டது. மேடு மட்டும் அப்படியே தேவராஜ மார்க்கெட் பக்கம் வரை செல்கிறது. பைக்குகள் புகுந்துவிடுமே என்று எல்லோருக்கும் கவலை. எப்படியோ என் கை உயர்ந்துவிட்டது. வாசலில் கம்பங்கள் நட்டு, நடுவே அறுபது சென்டிமீட்டர் விட்டால் ஆள் நுழையலாம், பைக் நுழையாது என்றேன்.

பாதை வேலையைப் பார்க்கும் இன்ஜினியர் வைஷாலி குறித்துக்கொண்டார். 'ஆச்சு' என்பதைக் கன்னடத்தில்தான் சொல்வார். "ஆய்த்து தேவநேசன் சார், அப்படியே பண்ணிடலாம்."

கைதட்டினார்கள். பாலிடெக்னிக்கில் முப்பத்தோரு வருடம் சர்வே கற்பித்தேன். ஒருவரும் கைதட்டியதில்லை.

"நீங்களா பேசினீங்க? சும்மா சொல்லாதீங்க" என்றாள் வீட்டில் மனைவி மோலி.

பிப்ரவரி 12, திங்கள்

கொத்தனார் காளியப்பன் கம்பங்களை நட்டார். டேப்பை நானே பிடித்தேன். சரியாக 60.

பிப்ரவரி 20, செவ்வாய்

காலை ஆறு மணி. கையால் பெடல் சுற்றும் மூன்று சக்கர வண்டியில் ஒரு பெண் கம்பங்களின் முன் நின்றிருந்தார். சற்று நேரம் பார்த்துவிட்டு வண்டியைப் பின்னால் தள்ளித் திருப்பினார். தயங்கித்தான் விசாரித்தேன்.

பெயர் சுந்தராம்பாள். மார்க்கெட் வாசலில் பூக்கட்டி விற்கிறவர். சிறுவயதிலிருந்தே கால்கள் விளங்காது. ரோட்டு வழியில் பெரிய ஏற்றம். தள்ளிவிட யாராவது வரும்வரை காத்திருக்க வேண்டும். ஆறரைக்குள் போய்ச் சேராவிட்டால் மற்றவர்கள் வாங்கியது போக மிச்சப் பூதான் கிடைக்கும்.

"இதுல ஏத்தமே இல்லீங்களே சார். ரயிலு போன வழி. மண்ணு கொட்டறப்பவே ஆசைப்பட்டுட்டேனுங்க. பரவால்ல, நடக்கறவங்களுக்குப் போட்டது."

அவர் வண்டியை அளந்தேன். 84.

ஏற்றமில்லாத பாதை யாருக்கு அதிகம் வேண்டும்? கால் நன்றாக இருக்கிற எனக்கா? இதை ஏன் யோசிக்கவில்லை?

சுந்தராம்பாள் நம் கொத்தனார் காளியப்பனின் மனைவியாம். மாலையில் காளியப்பனைத் தேடிப் போனேன். நடும்போதே சொல்லியிருக்கலாமே என்றேன்.

"சார் அளந்து குடுத்ததுங்க. படிச்சவங்க சொன்னா ஏதாச்சும் காரணம் இருக்கும்னு நெனச்சேன்."

என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

பிப்ரவரி 21, புதன்

வைஷாலியின் எண்ணை மூன்று முறை எடுத்து வைத்துவிட்டேன். கைதட்டினவர்கள் சிரிப்பார்களே — இவ்வளவுதானா நான்?

மோலி: "கூட்டத்துல பேசத் தெரிஞ்சவருக்கு போன் பண்ணத் தெரியாதா?"

பண்ணினேன். சனிக்கிழமை கூட்டத்தில் சொல்லுங்கள் என்றார்.

பிப்ரவரி 24, சனி

எழுந்தேன். எழுதி வைத்திருந்த தாளை மடித்துச் சட்டைப் பையில் போட்டேன். "தப்பு என்னுடையது. பைக்கை அளந்தேன், ஆளை அளக்கவில்லை" என்று மட்டும் சொன்னேன்.

யாரும் சிரிக்கவில்லை. ஆனால் கம்பத்தை எடுத்தால் பைக் வருமே என்றார்கள்.

பதில், கூட்டத்துக்கு வந்து வாசலில் வண்டியிலேயே இருந்த சுந்தராம்பாளிடம் இருந்தது. "நடக்கறவங்களுக்கு இந்தச் சந்து இருக்கட்டும். பக்கத்துல ஒரு சின்ன கேட் போட்டுப் பூட்டுங்க. சாவி எங்கிட்ட இருக்கட்டும். ரயில் வழின்னா கேட்கீப்பர் வேணாமுங்களா?"

இப்போது சிரித்தார்கள். நானும்தான்.

"ஆய்த்து" என்றார் வைஷாலி. கர்த்தருக்கு நன்றி. மோலிக்கும்.

மார்ச் 2, சனி

கேட் வேலை. இந்த முறை அவரை வண்டியில் உட்கார்ந்தபடியே கையை நீட்டச் சொன்னேன். பூட்டின் உயரம்: 76. அகலம்: வண்டிக்கு 84, விரல் இடிக்காமலிருக்க இன்னும் கொஞ்சம் — 110. இரண்டு பக்கமும் தள்ளித் திறக்க வேண்டும் என்பதும் அவர் சொன்னதுதான். எனக்கு அது தோன்றவே இல்லை.

"என் கை நீளத்தையுமா நோட்டுல எழுதறீங்க சார்?"

"விடு புள்ள, சார் இப்பத்தான் சரியா அளக்கறாரு" என்றார் காளியப்பன். என் முகத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவர் அப்படிச் சொன்னது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று அவருக்குத் தெரியாது.

மார்ச் 5, செவ்வாய்

காலை 6.05. கேட் பக்கம் போய் நின்றேன். உதவி தேவைப்படுமோ என்று. தேவைப்படவில்லை. அவரே திறந்தார், உள்ளே வந்தார், திரும்பிப் பூட்டினார். ஒரு வணக்கம் எதிர்பார்த்தேனோ என்னவோ, பாதையின் நடுவிலேயே நின்றுவிட்டேன்.

மணியை அடித்தார். "நேரமாச்சு! ஓரமா நடங்க சார்!"

ஓரமாக நடந்தேன்.