குவாரியின் இரண்டாம் படி

4-10-71, திங்கள்
மேகமூட்டம். மழை இல்லை. மண்ணெண்ணெய் வாங்க மறந்தாயிற்று.

பள்ளி விட்டதும் குவாரி. எடுத்துப்போன கன்றுகள்: விராலி 12, காரை 6, களா 6, வெப்பாலை 4. ஒரு காலத்தில் இந்த மலையில் தானாக முளைத்துக் கிடந்தவை. மலையின் மறுபக்கத்தில் விதை பொறுக்கி நானே முளைக்க வைத்தேன். குவாரியை மூடி மூன்று வருடம். பாறையை வெட்டிய இரண்டாம் படியில் இன்னும் புல்கூட இல்லை.

குழி தோண்டக் கன்னியம்மா வந்தாள். அதே குவாரியில் ஜல்லி உடைத்தவள். கடப்பாறையை இறக்கினாள். சட்டென்று நிறுத்தினாள்.

"அப்டியே நில்லும்மா. கால எடுக்காத."

பாறையில் மண் அடைத்த வட்டத் துளை. உள்ளிருந்து விரல் நீளத்துக்குக் கறுப்புத் திரி.

"என்னது கன்னியம்மா?"

"வெடிக்காத வேட்டு. மருந்து உள்ள அப்டியே கீது. வந்த காலடியிலயே திரும்பிப் போ."

கீழே வந்ததும்தான் உறைத்தது.

சனிக்கிழமை, காந்தி ஜெயந்தி சேவை என்று என் மாணவிகள் பதினான்கு பேர் அதே படியில் குழி தோண்டிக் கன்று வைத்தார்கள். "கடப்பாறை இறங்கவே மாட்டேங்குது மிஸ்" என்றாள் வசந்தா. "ஓங்கிக் குத்து" என்றது நான்.

5-10, செவ்வாய்
நல்ல வெயில். பத்தாம் வகுப்பில் இலைப் படம் போடும்போது சாக்பீஸ் மூன்று முறை உடைந்தது.

ஹெச்.எம். அறை வாசல் வரை போனேன். திரும்பிவிட்டேன். சொன்னால் செடி வைக்கும் அனுமதி போய்விடும். இரண்டு வருடம் அலைந்து வாங்கியது. வேலையும் போகலாம்.

மதியம் வசந்தா: "நாளைக்குக் கன்னுக்குத் தண்ணி ஊத்தப் போகட்டுமா மிஸ்?"

"வேணாம். மழை வரும்."

அவள் வானத்தைப் பார்த்தாள். பொட்டு மேகம் இல்லை.

இவர் ஆபீஸிலிருந்து வந்ததும் சொன்னேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டார். "காலைல மொத வேலையா ஹெச்.எம். கிட்ட சொல்லிடு எஸ்தர். புள்ளைங்க விஷயம்."

சரி என்றேன்.

6-10, புதன்
காலையிலும் சொல்லவில்லை. ஹெச்.எம். யாரோடோ பேசிக்கொண்டிருந்தார் என்று எனக்கு நானே ஒரு சாக்கு.

பள்ளி விட்டதும் கேட் அருகே ஒரு மாணவி: "வசந்தாவும் மேரியும் குடத்தோட குவாரிக்குப் போறாங்க மிஸ்."

ஓடினேன். புடவை தடுக்கி விழுந்தேன். இரண்டு பேரும் இரண்டாம் படியில்தான். கத்தினால் பயந்து ஓடிவருவார்கள். ஓடினால் எங்கே மிதிப்பார்கள்?

அட்டெண்டன்ஸ் எடுக்கும் குரலில் கூப்பிட்டேன். "மேரி, குடத்தக் கீழ வைக்காத. போன வழியிலயே மெதுவா நடந்து வா."

வந்தாள்.

"வசந்தா."

"ஏன் மிஸ், பாம்பா?"

"ஆமா, பாம்பு. மெதுவா வா."

எத்தனை அடி எடுத்து வைத்தாள் என்று தெரியாது. நான் அவள் பாதத்தை மட்டும் பார்த்தேன். வந்ததும் தோளைப் பிடித்தேன். "வலிக்குது மிஸ்" என்றாள். அப்போதும் விரல் விடவில்லை.

அப்படியே ஹெச்.எம். வீடு. எல்லாம் சொன்னேன், திங்கட்கிழமையே எனக்குத் தெரியும் என்பதைத் தவிர.

9-10, சனி
போலீஸ், வெடி வைக்கிற ஆட்கள். எங்களைக் கீழ் ரோட்டிலேயே நிறுத்தினார்கள். மூன்று துளை. ஒன்று, வசந்தா வைத்த காரைக் கன்றிலிருந்து ஒரு சாண்.

வெடிக்க வைத்தார்கள். சிட்லபாக்கத்தில் எங்கள் வீடு வரை கேட்டதாம். படியே சரிந்தது, கன்றுகளோடு.

"இன்னும் எத்தினி கீதோ" என்றாள் கன்னியம்மா. "எங்க போட்டான், எது வெடிச்சுதுன்னு எவன் பாத்தான்?"

அனுமதி ரத்து. இனி யாரும் உள்ளே போகக் கூடாது. எனக்கு அழுகை வரவில்லை. நிம்மதியாக இருந்தது; அது வேறு பயமாக இருந்தது.

10-10, ஞாயிறு
தூறல். சர்ச்சுக்குப் போகவில்லை, தலைவலி என்றேன். இவர் மட்டும் போனார்.

பத்து மணிக்கு வசந்தாவின் அப்பா. கையில் ஒரு பை சாத்துக்குடி. உட்காரச் சொன்னேன், நின்றுகொண்டே பேசினார்.

"என் பொண்ணக் காப்பாத்தினீங்க டீச்சர். எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல."

பையை நீட்டினார். கை போகவில்லை எனக்கு.

"திங்கட்கிழமையே எனக்குத் தெரியும் சார்" என்றேன்.

பை அவர் கையிலேயே இருந்தது.