மூன்று வேளைக் குளியல்

மே 4, ஞாயிறு

பத்து நாள் இருப்பதாகச் சொல்லி வந்த மகள் செல்வி, மூன்றாம் நாளே பேரனைத் தூக்கிக்கொண்டு கோயம்புத்தூருக்குக் கிளம்பிவிட்டாள். ஆபீசில் அவசர வேலையாம். பெற்றவனுக்கு முகம் பார்த்தால் தெரியாதா? என் அறைக்குள் வரும்போதெல்லாம் துப்பட்டா மூக்குக்குப் போனது. பேரன்தான் உள்ளதைச் சொன்னான்: "தாத்தா ரூம்ல நாத்தம்மா." செல்வி அவன் வாயைப் பொத்தினாள்.

மே 6

வேட்டியை மோந்து பார்த்தேன். தலையணையையும். வயசானால் உடம்பில் ஒரு வாடை வரும் என்பார்கள். அதுதானா? என் வீட்டுக்காரி பேச்சித்தாய் இருந்திருந்தால் மூஞ்சிக்கு நேரே சொல்லியிருப்பாள். அவள் போய் இரண்டு வருஷம். இனி எனக்கு யார் சொல்வது?

மே 9

காலை, மதியம், மாலை — மூன்று வேளைக் குளியல். சந்தன சோப்பு கரைந்ததுதான் மிச்சம்.

மே 13

ஏசுவடியான் மகள் கல்யாணத்துக்குப் போகவில்லை. ஹார்பரில் முப்பது வருஷம் என்கூட வேலை பார்த்தவன். பந்தியில் பக்கத்து இலைக்காரர் எழுந்து போய்விட்டால் என்ன செய்வேன்? போன் செய்தான். "ஏலே சங்கரலிங்கம், எங்கல கெடக்க? பந்திக்கு ஆளக் காணோம்!"

காய்ச்சல் என்று பொய் சொன்னேன். இருமல் என்னவோ நிஜம்தான்.

மே 17

ஏசி குளிரவில்லை. மெக்கானிக் ஜாக்சன் வந்தான். நான் தள்ளியே நின்றேன். அவன் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, பேச்சி போனதிலிருந்து நான் நகர்த்தாத அவள் பீரோவை இழுத்தான். பின்சுவரில் ஆள் உயரத்துக்குக் கறுப்பாகப் பூஞ்சை.

"அண்ணாச்சி, தண்ணி போற குழாயச் சுத்தி துணிய அடச்சது யாரு?"

நான்தான். உப்புக்காற்று பிரிட்ஜையே அரித்துத் தின்ற ஊர். டிவியாவது தப்பட்டும் என்று ஜன்னலுக்கெல்லாம் டேப் ஒட்டினேன். ஏசிக் குழாய் வெளியே போகிற ஓட்டையில் பழைய வேட்டியைத் திணித்து சிமெண்டும் பூசினேன். பெரிய இன்ஜினியர்!

"குழாய் நசுங்கிட்டுல்லா. தண்ணி அம்புட்டும் செவத்துக்குள்ள எறங்கியிருக்கு. இந்த நாத்தத்துல எப்படித்தான் படுத்தியளோ!"

"அப்போ... வாடை இங்கன இருந்துதானா?"

"பொறவு?"

கட்டிலில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். ஜாக்சன் பாவம், ஸ்குரூ கழற்றுகிற சாக்கில் திரும்பிக்கொண்டான்.

மே 18

சுவரைப் படம் எடுத்து செல்விக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள்.

"எப்பா, ஒங்க மேலு வாடைன்னுல்லா நானும் நெனச்சேன். எப்படிச் சொல்லன்னு தெரியாமத்தான் ஓடிட்டேன்."

சுருக்கென்றது. ஆனாலும் இப்போதாவது சொன்னாளே.

"அன்னைக்கே சொல்லியிருந்தா பீரோவ நகத்தியிருப்பம்லா, ஏளா?" என்றேன்.

மே 24

பூச்சைக் கொத்தி எடுத்தாயிற்று. சுவர் காய்கிறது. ஜன்னல் டேப்பையெல்லாம் கிழித்துப் போட்டேன். டிவி துருப்பிடித்தால் பிடித்துவிட்டுப் போகட்டும். செல்வியும் பேரனும் நாளைக் காலை வருகிறார்கள்.

இன்று ஒரு வேளைதான் குளித்தேன்.