ஆறு வெள்ளைத் தோல்கள்

மேற்குக் கணவாய் முகாம்
9 ஜூன் 2001

அன்புத் தங்கை ஹொர்லோவுக்கு,

ஆடுகள் கொழுத்திருக்கின்றனவா என்று கேட்டுத்தான் எந்தக் கடிதத்தையும் தொடங்குவோம். இந்த வருஷம் யாரிடம் போய் அதைக் கேட்பது? எங்களுடையதும் உங்களுடையதுமாக இருநூற்றுப் பத்து இருந்தன. இப்போது பதினேழு. குதிரை ஒன்று மிச்சம். அடிவானம் வரைக்கும் எலும்புதான் கிடக்கிறது.

போன பனிக்காலப் புயலில் உன் வீட்டுக்காரர் கல்சான் தம்பியோடு சேர்ந்து செத்த ஆடுகளில் முப்பத்தொன்றின் தோலை லாரிக்காரனிடம் கொடுத்துவிட்டிருக்கிறோம். என் வீட்டுக்காரர்தான், அனுஜினின் பெரியப்பாதான், அனுப்பச் சொன்னார். குழந்தை அனுஜினுக்கு ஓர் அங்கி, உனக்கு ஓர் அங்கி தேறும். நகரத்தில் வளர்ந்தவள், சோம் மையத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சமையல் கரண்டி பிடித்த கை, இவளாவது தோல் பதனிடுவதாவது என்று இங்கே சிரிக்கிறார்கள். நான் சிரிக்கவில்லை.

ஒரு நாள் ஆற்றுத் தண்ணீரில் ஊறப்போடு. வெந்நீர் ஆகவே ஆகாது, ரோமம் கையோடு வந்துவிடும். மழுங்கின கத்தியால் உள்பக்கத்துச் சவ்வை வழி. கூர்க்கத்தி எடுத்தால் ஓட்டை விழும். புளித்த பாலில் உப்பைக் கரைத்துப் பூசி, மடித்து நாலு நாள் வை. தினமும் பிரித்து முகர்ந்து பார். புளிப்பு வாடை வந்தால் நல்லது, அழுகல் வாடை வந்தால் உப்புப் போதவில்லை. காயும்போது சும்மா விடாதே, நிழலில் வைத்து இழுத்துக்கொண்டே இரு.

தம்பி கஷ்டப்படவில்லை என்று நினைத்து மனதைத் தேற்றிக்கொள். முதல் ராத்திரியே, குடித்த மயக்கத்திலேயே போய்விட்டார். அந்த மட்டும் புண்ணியம்.

உன் அக்கா செவெல்மா

சோம் மையம்
27 ஜூன்

அக்காவுக்கு,

பாலும் உப்பும் கலந்த நாற்றம் என் தலைமயிர் வரைக்கும் ஏறிவிட்டது. சமையலறையில் என் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. முதல் தோலை அவசரப்பட்டு அடுப்போரம் காயவைத்தேன். கதவாக ஆணி அடித்து மாட்டலாம், அப்படி விறைத்துப்போனது. அதற்கு ஏதாவது வழி உண்டா? பத்துப் பன்னிரண்டில் வயிற்றுப் பக்கத்து ரோமம் கொத்துக் கொத்தாக வருகிறது. நான் வெந்நீர் விடவில்லை, சத்தியமாக.

இன்னொரு சந்தேகம். மற்றதெல்லாம் உள்பக்கம் ஈரல் நிறத்தில், ரத்த நரம்பு ஓடிக் கறுத்திருக்க, ஆறு தோல் மட்டும் வெள்ளையாக இருக்கின்றன. அவற்றில் ரோமமும் உதிரவில்லை, பதமும் முதலில் அவற்றுக்குத்தான் வந்தது. ஆனால் ஆறிலும் நெஞ்சோரத்தில் நாலு விரல் நீளத்துக்குச் சாய்வாக ஒரு வெட்டு. பூச்சி அரித்ததா, உரிக்கும்போது கத்தி பட்டதா? அதோடு தைத்துவிடலாமா?

நீங்கள் புண்ணியம் என்கிறீர்கள். எனக்கு அவர் மேல் கோபம்தான் வருகிறது, அக்கா. ஆட்டை ஓட்டிக்கொண்டு போனவர் பாட்டிலையும் ஏன் கட்டிக்கொண்டு போனார்? "அப்பா ஏன் எழுந்து வரல?" என்று அனுஜின் கேட்டாள். குடிச்சிருந்தாரு என்று சொல்லிவிட்டேன். எட்டு வயதுப் பிள்ளையிடம் வேறு எப்படிச் சொல்வது? அவள் அதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறாள். அதிலிருந்து பிள்ளைகள் அவளைப் பார்த்துத் தள்ளாடி நடந்து காட்டுகிறார்களாம்.

உங்கள் தங்கை ஹொர்லோ

மேற்குக் கணவாய் முகாம்
5 ஜூலை

தங்கைக்கு,

விறைத்த தோலைத் தூக்கிப் போடாதே. மோரில் மறுபடி ஊறவைத்து, ஆட்டு ஈரலை மசித்துப் பூசிக் கசக்கினால் இளகும். ரோமம் உதிர்வது உன் பிழையில்லை. பனி உருகிய பிறகுதான் அவற்றை உரிக்க முடிந்தது, அதற்குள் வயிறு கெட்டுவிட்டது. உதிர்ந்த இடத்தை வெட்டிப் போட்டுவிட்டு ஒட்டுப் போட வேண்டியதுதான்.

அந்த ஆறையும் நீ தொடாதே. பெரியப்பாவின் கத்தி வழுக்கியிருக்கும், வேறொன்றும் இல்லை. லாரி வரும்போது ஆறையும் கொடுத்தனுப்பு, நானே தைத்துத் தருகிறேன். மறந்துவிடாதே. இந்த லாரியிலேயே அனுப்பு.

செவெல்மா

சோம் மையம்
16 ஜூலை

அக்காவுக்கு,

லாரி வந்தது, போய்விட்டது. தோலை அனுப்பவில்லை.

திருவிழாவுக்குப் பக்கத்துக் கூடாரத்தில் ஆடு அறுத்தார்கள். மல்லாக்கப் போட்டு, நெஞ்சோரம் நாலு விரல் கீறி, கையை உள்ளே விட்டு ரத்த நரம்பை அறுத்தார்கள். நாம் அறுப்பது அப்படித்தான். ஆண்கள் வேலை என்று நான் இதுவரை பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. குடல் பாத்திரத்தோடுதான் எனக்கு வேலை. அன்று நின்று பார்த்தேன். உரித்த தோலின் உள்பக்கம் வெள்ளையாக இருந்தது. குளிரில் தானாகச் செத்த ஆட்டின் ரத்தம் தோலிலேயே நின்று கறுத்துவிடுமாம். அறுத்த ஆட்டுக்குத்தான் இப்படி இருக்குமாம்.

அந்த ஆறும் உயிரோடு இருக்கும்போது அறுத்தவை. பெரியப்பா நேராக அறுப்பார். சாய்வாக அறுப்பவர் என் வீட்டுக்காரர் ஒருவர்தான், இடது கைக்காரர். நீங்களே எத்தனை முறை கேலி செய்திருக்கிறீர்கள்.

கல்யாணமான முதல் பனிக்காலத்தில் அவர் என்னிடம் சொன்னது இது: "புயல்ல மாட்டிக்கிட்டா ஆட்டை ஒண்ணொண்ணா அறுக்கணும். வயித்துக்குள்ள கையையும் காலையும் விட்டுக்கிட்டு உக்காரணும். ஒரு ஆடு, ஒரு ராத்திரி. பயந்துபோய் ரெண்டா அறுக்கிறவன் முட்டாள்." குடித்துவிட்டுக் கிடந்தவன் ஆறு ஆட்டை இப்படிக் கணக்காக அறுப்பானா?

ஆறு ராத்திரி, அக்கா. மூன்றாம் நாள் இங்கே காற்று அடங்கியது. ஐந்தாம் நாள் பள்ளிக்கூடம் திறந்தது, நான் பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சினேன். நான் கஞ்சி காய்ச்சிய அன்றைக்கு அவர் உயிரோடு இருந்திருக்கிறார். அங்கே என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

ஹொர்லோ

மேற்குக் கணவாய் முகாம்
2 ஆகஸ்ட்

ஹொர்லோ,

மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

இங்கேயும் மூன்றாம் நாள் காலையில் காற்று அடங்கியது. பெரியப்பா குதிரைக்குச் சேணம் கட்டினார். நான் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டேன். "தம்பி முதல் ராத்திரியே போயிருப்பாப்ல. நீங்களும் போயிட்டா இந்த மூணு பிள்ளைங்களுக்கு யாரு? குதிரை எலும்பா நிக்குது, அரை நாள் வழி தாங்காது" என்று சொன்னேன். அவர் பனியில் உட்கார்ந்து அழுதார். மறுநாளும் கட்டினார், நானும் மறுநாளும் பிடித்தேன். ஏழாம் நாள் என்னைத் தள்ளிவிட்டுப் போனார். குதிரை தாங்கியது. போனது, திரும்பியும் வந்தது.

தம்பி கடைசி ஆட்டின் மேல் கவிழ்ந்து கிடந்தாராம். அந்த ஆட்டின் ஈரல் இன்னும் உறைந்திருக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னார். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. இன்றைக்கு வரைக்கும் பேசவில்லை. எது வேண்டுமென்றாலும் பிள்ளைகளிடம் சொல்லி அனுப்புகிறார்.

பாட்டில் கதை என்னுடையது. குடித்துவிட்டுத் தூங்கினார் என்றால் ஏன் தேடிப் போகவில்லை என்று யாரும் கேட்க மாட்டார்கள் அல்லவா? பெரியப்பா மறுத்துச் சொல்லவில்லை. பனி உருகியதும் எது எது என்று பார்க்காமல் எல்லாவற்றையும் உரித்து அடுக்கினார். நானும் பார்க்காமல் கட்டி உனக்கு அனுப்பினேன். நீ ஆறு என்று எழுதியதைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

என் பிள்ளைகள் மூன்று பேரும் உயிரோடு இருக்கிறார்கள். வேறு எதைச் சொல்லியும் நான் தப்பிக்க முடியாது. நீ என்னைத் திட்டி எழுது. திட்டாமல் மட்டும் இருந்துவிடாதே.

செவெல்மா

சோம் மையம்
29 ஆகஸ்ட்

செவெல்மா அக்காவுக்கு,

திட்டி எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. உங்கள் இடத்தில் இருந்திருந்தால் நானும் கடிவாளத்தைப் பிடித்திருப்பேன். அது எனக்கு நன்றாகத் தெரிகிறது. தெரிந்தும் ஆறவில்லை. பாட்டிலைத்தான் என்னால் மன்னிக்கவே முடியவில்லை. ஆறு மாதமாக நான் செத்தவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் பக்கம் பக்கமாக எனக்குப் பதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தீர்கள்.

அந்த ஆறு தோலிலும் அனுஜினுக்கு அங்கி தைத்துவிட்டேன். வெட்டுகளைத் தைத்து மூடிவிட்டேன், வெளியே தெரியாது. நாளை மறுநாள் பள்ளிக்கூடம் திறக்கிறது. இப்போது போட்டால் வேர்க்கும் என்று சொன்னாலும் கழற்ற மாட்டேன் என்கிறாள்.

அவளை உட்காரவைத்துச் சொன்னேன். அப்பா குடிக்கவில்லை, நான் சொன்னது பொய், ஆறு ராத்திரி அவர் தூங்காமல் உட்கார்ந்திருந்தார் என்று சொன்னேன். "அப்ப யாருமே ஏன் போகல?" என்று கேட்டாள்.

அது நான் சொல்ல வேண்டிய பதில் இல்லை. புது வருஷத்துக்கு, வெள்ளை மாதம் பிறந்ததும் வாருங்கள். அவளை எதிரே உட்காரவைத்துக்கொண்டு, எனக்கு எழுதியது போலவே அவளிடமும் சொல்லுங்கள். தேநீர் தருவேன். அதன் பிறகு இந்த வீட்டுக்கு வர வேண்டாம்.

ஹொர்லோ